ஏழை சொல்லும் அம்பலமும்

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது தமிழ் வழங்கும் ஊர்களில் எல்லாம் கேட்கப்படும் பழமொழி. அம்பலம் என்பது பலர் கூடும் பொதுவிடம். ஊரார் அமர்ந்து வழக்குக் கேட்கும் மன்று. தில்லையில் இறைவன் ஆடும் இடத்தைப் பொன்னம்பலம் என்றனர். மதுரை, சிவகங்கைச் சீமைகளிலே ஊர்த் தலைவரை அம்பலகாரர் என்று அழைத்தனர். ஊரின் நீதி அம்பலத்திலே பிறந்தது என்பதற்கு இச்சொல்லே சான்று. ஆனால், அவ்வம்பலத்தில் எல்லாருடைய சொல்லும் ஏறியதில்லை என்பதற்கும் அப்பழமொழியே சான்று.

இச்சொல்லோடு உறவுடைய 'அம்பலம' என்னும் சொல் சிங்கள மொழியிலும் உண்டு. கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டுப் பாதைகளிலே வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுவதற்காகக் கட்டப்பெற்ற மண்டபங்களுக்கு அப்பெயர். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் நெடுஞ்சாலையின் ஓரத்தே கடுகண்ணாவையில் இன்றும் ஓர் அம்பலம் நிற்கின்றது. மரச்சிற்பத்தாற் புகழ்பெற்ற எம்பெக்கே தேவாலயத்திற்கு அணித்தே, கற்றூண்கள் மட்டும் எஞ்சி நிற்கும் பழைய அம்பலம் ஒன்றுண்டு. கண்டி இராச்சியக் காலத்தில் இத்தகைய அம்பலங்கள் வெறும் தங்குமடங்களாக மட்டும் இருக்கவில்லை. அயலூரார் கூடி வழக்குத் தீர்க்கும் மன்றங்களாகவும் விளங்கின.

அம்மன்றத்திற்குச் சிங்களத்தில் 'கம்சபா' என்று பெயர். ஊர்ச்சபை என்பது பொருள். 1660ஆம் ஆண்டில் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை மலைநாட்டிலே வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இச்சபைகளைக் குறிப்பிட்டுள்ளார். எம்பெக்கேயைப் போலவே உடுநுவரைப் பகுதியைச் சேர்ந்த எலதெத்தை என்னும் ஊரில் அவர் சில காலம் வாழ்ந்தவர். ஆதலின் இவற்றை அயலிலிருந்து அறிந்தவர் எனலாம். பின்னர், 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபோது அங்கே அதிகாரியாக அமர்ந்த சேர் யோன் டொயிலி, கண்டி இராச்சியத்தின் ஆட்சிமுறை பற்றி எழுதிய குறிப்பில், கம்சபாவின் இயல்பை இன்னும் தெளிவாக வரைந்து வைத்தார்.

அவர் தரும் செய்தி இது. ஊரிலே தகராறு ஒன்று எழுந்தால், முதிர்ந்தவரும் அனுபவம் உடையவரும் அம்பலத்திலோ, மரநிழலிலோ, ஊரின் நடுவான வேறோரிடத்திலோ கூடுவர். எல்லைத் தகராறு, கடன், சிறுகளவு, வாய்ச்சண்டை ஆகியனவே பெரும்பாலும் அவர்முன் வருவன. இரு திறத்தாரையும் கேட்டபின் பிழை யார் பக்கம் என்பதை அறிவிப்பர். இழந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டம் ஈடுசெய்யவோ பணிப்பர். கண்டித்துப் புத்தி கூறி அனுப்புதலும் உண்டு. தண்டிப்பது அவர் நோக்கமன்று; இணக்குவதே நோக்கம்.

இணக்கத்திற்கு இத்துணைச் சிறப்பு ஏன் தரப்பட்டது? விடையைக் கண்டிச் சூழலின் நிலத்திலேயே காணலாம். மலைச்சரிவிலே படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களில், மேல்வயலின் மடை திறந்தாலன்றிக் கீழ்வயலுக்கு நீர் இல்லை. மேல்வயற்காரன் வரம்பை உடைத்தால் கீழ்வயல் மண்மூடிப் போகும். விதைப்பும் அறுவடையும் ஒருவருக்கொருவர் கைமாற்றாக உழைக்கும் உழைப்பினால் நடப்பன. இன்று வழக்கில் வென்றவனும் தோற்றவனும் நாளை ஒரே வாய்க்காலின் நீரைப் பகிர வேண்டியவர்கள். ஒருவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் அவன் வயல் தரிசாகும். அவனோடு பகை நிலைத்தால் அயலவன் வயலும் வாடும். ஆகவே, "யார் குற்றவாளி?" என்று கேட்பதோடு அம்பலத்து முதியோர் நிற்கவில்லை, "இவ்விருவரும் நாளை எவ்வாறு அருகருகே வாழ்வர்?" என்றும் கேட்டனர். ஊர் நீதியின் உயிர்நாடி இவ்வினாவே ஆகும்.

கம்சபாவுக்கு மேலே 'ரட சபா' என்னும் நாட்டுச்சபை இருந்தது. பல ஊர்களின் பேராளர் கூடும் அவ்வவை, சாதி ஒழுக்கம் முதலிய விடயங்களை ஆராயும். அதற்கும் அப்பால் விதானைமார், கோறளைமார், திசாவைமார், அதிகார்மார் ஆகியோர் தத்தம் தகுதிக்கேற்ப வழக்குக் கேட்டனர். மரணதண்டனை விதிக்கும் உரிமையோ அரசன் ஒருவனுக்கே உரியது. இன்று தலதா மாளிகை வளாகத்தில் அழகிய மரத்தூண்களோடு காட்சியளிக்கும் மகுல் மடுவ, அரசன் கொலுவிருந்த மண்டபமாகும். கொலையும் அரசத் துரோகமும் அரசன்முன் சென்றன. வாய்க்காலும் வரம்பும் அம்பலத்தின்முன் சென்றன. ஊராரால் தீர்க்கக்கூடியதை ஊராரிடமே விட்டுவைத்தது கண்டியின் பழைய ஏற்பாடு.

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆந் திகதி அம்மகுல் மடுவவிலேயே கண்டி உடன்படிக்கை நிறைவேறியது. மலைநாட்டின் சட்டங்களும் வழக்காறுகளும் காக்கப்படும் என்று அதிலே உறுதி கூறப்பட்டது. ஆனால், 1817, 1818ஆம் ஆண்டுகளின் எழுச்சி அடக்கப்பட்ட பின்னர், 1818 நவம்பர்ப் பிரகடனம் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்து, ஆங்கில அதிகாரிகளின் கையை ஓங்கச் செய்தது. பின்னர் கோல்புறூக், கமரன் என்னும் விசாரணையாளரின் பரிந்துரைப்படி, 1833இல் நீதிப் பட்டயம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. தீவு முழுவதற்கும் ஒரே வகையான நீதிமன்றங்கள் அமைந்தன.

ஒரே சட்டம், ஒரே மன்றம் என்பது கேட்பதற்கு இனியதே. சாதியும் செல்வாக்கும் பாராது எல்லாருக்கும் நீதி என்னும் கொள்கை அதனுள் இருந்ததை மறுத்தல் ஆகாது. ஆயினும், ஒரு மடைநீருக்காக ஊரைவிட்டு நகருக்கு நடந்து, அறியாத மொழியிலே வாதாடும் பிரக்கிராசிக்குப் பணம் கொடுத்து, தவணைமேல் தவணையாகக் காத்திருப்பவனுக்கு, தீர்ப்பு வருமுன் பயிர் கருகிவிடும். 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமும் நீக்கப்பட்டது. அந்நீக்கம் மக்களுக்கு விடுதலையே ஆனாலும், குளத்தையும் வாய்க்காலையும் கூடித் திருத்தும் ஒழுங்கும் அதனோடு தளர்ந்தது. யாரை யார் வேலைக்கு அழைப்பது, வராதவனை யார் கேட்பது என்னும் வினாக்களுக்கு விடை கூறும் சபை வலிகுன்றியதால், நீர்ப்பாசனம் பல இடங்களிற் சீர்குலைந்தது.

இதனை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி உவாட், 1856ஆம் ஆண்டு 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், நெற்காணிகளின் நீர்ப்பாசன விடயங்களில் ஊராரின் பழைய வழக்கத்திற்கு மீண்டும் சட்டவலு அளித்தார். அதன் பயன் கண்டு, தேசாதிபதி சேர் ஹேர்க்கூலிஸ் றொபின்சன் காலத்தில், 1871ஆம் ஆண்டு 26ஆம் இலக்கக் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. வேலி, நீர், கட்டாக்காலி மாடு முதலியவை பற்றி விதிசெய்யக் கிராமச் சபைகளும், சிறுவழக்குகளைத் தீர்க்கக் கிராம நியாயசபைகளும் அமைந்தன. அந்நியாயசபைகளிலே அப்புக்காத்தும் பிரக்கிராசியும் வாதாட இடமில்லை. வழக்காளியே தன் வாயாற் பேசவேண்டும்.

ஆயினும், பழைய கம்சபாவின் பெயரே மீண்டது. அதன் இயல்பு முழுவதும் மீளவில்லை. நடுவே அமர்ந்தவர் அரசாங்கம் நியமித்துச் சம்பளம் கொடுத்த தலைவர். ஊர் முதியோர் அவர் அருகே இருந்து கருத்துச் சொல்லலாம், முடிவு தலைவருடையது. அபராதமும் தண்டனையும் புகுந்தன. நாளடைவில் அச்சபை சிறியதொரு நீதிமன்றமாகவே மாறிற்று. 1945இல் அது கிராமக் கோடு என்னும் பெயர் பெற்றது. 1973ஆம் ஆண்டு 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தின்கீழ், 1974 தொடக்கத்தில் மறைந்தது.

இனி, அம்பலம் ஏறாத சொற்களைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். பழைய ஊர்ச்சபையைப் பொற்காலமாகக் கொண்டாடுவோர் இப்பகுதியை மறந்துவிடுகின்றனர். ரட சபாவின் முக்கிய வேலைகளுள் ஒன்று சாதி வரம்பைக் காத்தல். தாழ்த்தப்பட்ட ஒருவனுக்கும் நிலக்கிழார் ஒருவருக்கும் வழக்கென்றால், கூடியிருந்த பெரியோர் யாருடைய உறவினர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது ஊர்ச்சபையின் பலம். அதுவே அதன் பலவீனமும் ஆகும்.

மலைநாட்டிலே அம்பலத்திற்கு முற்றிலும் வெளியே நின்ற ஒரு கூட்டம் இருந்தது. அவர் தோட்டத் தமிழர். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளை வழியே கால்நடையாகக் கண்டிச் சீமையை அடைந்தவர்கள் அவர்கள். 1867இல் ஜேம்ஸ் தெயிலர் என்பார் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டபின், கோப்பி அழிந்த மலைகளெல்லாம் தேயிலையாயின. தோட்டத்திற்கு அடுத்த பள்ளத்தாக்கிலே சிங்களக் கிராமம். அங்கே கிராமச் சபையும் நியாயசபையும். மேலே லயத்தில் வாழ்ந்தவனுக்கோ கங்காணியும் துரையுமே நியாயசபை. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேலை ஒப்பந்தத்தை மீறுதலைக் குற்றமாக்கியது. ஆதலால் வேலையைவிட்டு ஓடியவன் சிறை காண நேர்ந்தது. கடனுக்கு அவனைப் பிணைத்த 'துண்டு' முறை 1921இலேயே ஒழிந்தது.

இந்நிலையிலும் தோட்ட மக்கள் தமக்குள் நீதி வழங்க அறியாதவர் அல்லர். தாம் விட்டுவந்த ஊரின் பஞ்சாயத்தை மாரியம்மன் கோயில் முற்றத்திலே மீண்டும் அமைத்தனர். குடும்பச் சண்டையும் கைமாற்றுக் கடனும் அங்கே பேசப்பட்டன. தொழிற்சங்கங்கள் வேரூன்றிய பின் தோட்டத் தலைவர் என்பார் தோன்றினார்; கங்காணியிடம் சென்ற வழக்குகள் தலைவரிடம் சென்றன. ஆனால், அச்சபைக்குச் சட்டத்திலே பெயர் இல்லை. கிராமத்தானுக்கும் தோட்டத்தானுக்கும் நீர்பற்றியோ மாடுபற்றியோ வழக்கு எழுந்தால், இருவரும் சமமாக அமரும் மன்று எங்கும் இல்லை. 1937இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் தோட்டத் தொழிலாளரைக் கிராமச் சபைத் தேர்தலின் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாட்டுரிமைக்கே வெளியே நிறுத்தியது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்திலும், தோட்டத்தினுள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு இருந்த தடை 2018இலேயே திருத்தப்பட்டது. அம்பலத்தின் படிகள் ஒரு சமூகத்திற்கு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் எட்டாதிருந்தன என்பது இவ்வரலாற்றின் சுருக்கம்.

சுதந்திர இலங்கை இணக்கமுறை நீதியை இருமுறை புதுப்பித்தது. முதலாவது, 1958ஆம் ஆண்டு 10ஆம் இலக்க இணக்க சபைச் சட்டம். வழக்குத் தொடருமுன் இணக்க சபையிடம் செல்லல் வேண்டும். அங்கே தீராவிடில் அதன் சான்றிதழோடு நீதிமன்றம் செல்லலாம். நோக்கம் நன்றே. ஆனால், சபையினர் நியமனத்தில் அரசியற் சார்பு புகுந்தது என்னும் குறை ஓங்கி ஒலித்தது. நடுவர்மீது ஐயம் எழுந்தபின் இணக்கம் எங்ஙனம் பிறக்கும்? 1970களின் பிற்பகுதியில் அச்சபைகள் ஒழிக்கப்பட்டன.

இரண்டாவது முயற்சி, 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டமாகும். முன்னைய பிழையிலிருந்து பாடம் கற்று, சபையினரை நியமிக்கும் பொறுப்பு ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990 முதல் இயங்கத் தொடங்கிய இச்சபைகள், விடுமுறை நாட்களிலே பாடசாலைகளிலும் சமயத்தலங்களிலும் கூடுகின்றன. மத்தியஸ்தர் சம்பளம் பெறாத தொண்டர்; பயிற்சி பெற்ற ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர், ஊர்ப் பெரியோர். ஒவ்வொரு திறத்தாரும் ஒருவரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவர். வழக்கறிஞர் வாதாடல் இல்லை. அங்கே கூறிய சொல் பின்னர் நீதிமன்றத்திலே சான்றாகக் காட்டப்படமாட்டாது. ஆதலின், ஒருவன் தன் பிழையை ஒப்புக்கொள்ளவும் அஞ்சவேண்டுவதில்லை. இணக்கம் ஏற்பட்டால் எழுத்தில் வரையப்படும். ஏற்படாவிடில், சான்றிதழோடு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கும். கம்சபாவின் பழைய வினா இங்கே மீண்டும் கேட்கப்படுகின்றது; ஆனால், நடுவரைத் தெரியும் உரிமை இம்முறை வழக்காளிகளின் கையில் உள்ளது. அம்மாறுதல் சிறிதன்று.

பிற நாடுகளும் இவ்வழியையே நாடின. அமெரிக்காவின் நவகோ என்னும் தொல்குடியினர் 1982இல் தம் முன்னோர் மரபைத் தழுவிச் சமாதான மன்றம் ஒன்றை நிறுவினர். நியூசிலாந்து, 1989ஆம் ஆண்டுச் சட்டத்தினால், பிழைசெய்த சிறுவரைக் குடும்பத்தார் நடுவே அமர்த்திப் பேசித் தீர்க்கும் முறையை மாவோரி மக்களின் மரபிலிருந்து பெற்றுக்கொண்டது. அந்நாடுகளிலே தொல்குடிகளின் நீதியைச் சட்டம் கைப்பிடித்து அழைத்தது. இலங்கையிலோ, கண்டியிலிருந்து கிழக்கே மலையிறங்கி மகியங்கனையை அடைந்து அப்பாற் செல்லின், தம்பானையிலே வேடர் வாழ்கின்றனர். எந்த வேட்டைக்காடு, எந்தத் தேன்பாறை யாருடையது என்னும் எல்லைகள் அவர்களிடையே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டதை, 1911இல் வெளியான தம் நூலில் செலிக்மன் தம்பதியர் பதிவுசெய்தனர். 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் அமைந்தபோது அவ்வேட்டைக் காடுகளில் ஒரு பகுதி வனச்சட்டத்தின்கீழ் வந்தது. தேன் எடுக்கச் செல்பவன் தன் குலத்தின் எல்லையை மீறாதவனாயினும் அரசின் எல்லையை மீறியவன் ஆனான். பழங்குடியினர் வகுத்த நீதியை நூலிற் போற்றுவது வேறு. நிலத்திலே மதிப்பது வேறு.

ஆகவே, ஊர் நீதி நிலைபெறுதற்கு மூன்று வேண்டும். முதலாவது, மன்றில் அமர்பவர் அம்மன்றுக்கு வருவோர் அனைவரையும் போன்றவராக இருத்தல். ஆண்கள் மட்டும், அல்லது மேற்சாதியார் மட்டும், அல்லது கிராமத்தார் மட்டும் அமர்ந்த சபை, எத்துணை நல்லெண்ணம் உடையதாயினும், பாதி ஊரின் சபையே ஆகும்.

இரண்டாவது மொழி. வடக்கும் கிழக்கும் நீங்கலான மாகாணங்களிலே நீதிமன்றப் பதிவுமொழி சிங்களம். தமிழர் தம் மொழியில் மனுச்செய்யவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகின்றது. ஆயினும், மனத்தாங்கலை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சொல்வதும் நேரே சொல்வதும் ஒன்றாகா. இணக்கம் என்பது சொல்லின் தொனியிலே, தணிந்த குரலிலே பிறப்பது. கண்டிப் பகுதியின் மத்தியஸ்த சபைகளிலே தமிழ் பேசும் மத்தியஸ்தர் போதிய அளவு அமர்ந்தாலன்றித் தோட்டத்துப் பெண்ணொருத்தியின் சொல் அங்கே முழுமையாக ஏறாது.

மூன்றாவது, எதனை இணக்குவது, எதனை இணக்கலாகாது என்னும் தெளிவு. எல்லைக் கல்லையும் கடனையும் சமமான இருவர் பேசித் தீர்க்கலாம். அடிபட்டு வந்த மனைவியை, "குடும்பம் கலையலாகாது, பொறுத்துப் போ அம்மா" என்று மூத்தோர் அனுப்பிவைத்தால் அது இணக்கமன்று, அநீதிக்கு இடும் முத்திரை. மத்தியஸ்த சபைகள்மீது பெண்ணுரிமையாளர் கூறும் முதன்மையான குறை இதுவே. 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டம், வீட்டு வன்முறைக்கு ஆளானவர் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெற வழிசெய்துள்ளது. அத்தகைய வழக்கு வரும்போது, "இதற்குரிய இடம் நீதிமன்றமே" என்று வழிகாட்டுவதும் நன்மன்றத்தின் கடமையாகும். கண்டியின் பழைய அம்பலமும் தன் எல்லையை அறிந்தே இருந்தது. பெருங்குற்றத்தை அது தன்பாற் கொள்ளவில்லை.

எம்பெக்கேயின் கற்றூண்களுக்கு மேலே இன்று கூரை இல்லை. அங்கே மீண்டும் ஊர்ச்சபை கூட வேண்டும் என்பதில்லை. பாடசாலை வகுப்பறை ஒன்றிலே மூன்று நாற்காலியும் ஒரு மேசையும் இட்டாலும் அம்பலம் அம்பலமே. கிராமத்து உழவனும் லயத்துக் கொழுந்துக்காரியும் ஒரே வாங்கில் அமர்ந்து, தத்தம் மொழியிலே பேசி, எழுந்து போகையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடுமாயின், ஏழை சொல்லும் அம்பலம் ஏறிற்று என்று கூறலாம்.